வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அல்ஜீப்ரா பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி

என் மகளுக்கு இப்போது 13 வயது. ஆறாம் வகுப்பு முடித்ததோடு பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்கிறாள். மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். வெயில் ஏறுமுன் அங்கேதான் கணக்குப் பாடம். நான் பி.காம். படித்தவள், இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். எண்களோடு நாள் முழுக்க இருக்கிறேன் என்றாலும், அல்ஜீப்ராவை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகம் வேண்டும் என்று தேடத் தொடங்கியபோது எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இரண்டு வருடம் தேடி, வாங்கி, மாற்றி, இப்போது ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். "அக்கா, நீங்க எந்த புக் வச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்கிற தாய்மார்கள் ஐந்தாறு பேர் ஆகிவிட்டார்கள். புத்தகத்தின் பெயரை மட்டும் சொன்னால் அது அவர்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. அதனால் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதுகிறேன்.

புத்தகம் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நாலைந்து கணக்கு எழுதிக் கொடுங்கள். முதலாவது, 8 + 4 = ▢ + 5. கட்டத்தில் என்ன எண் வரும்? நிறையப் பிள்ளைகள் 12 என்று எழுதிவிடுவார்கள். என் மகளும் அப்படித்தான் எழுதினாள். சமக்குறி என்றால் "இதோ விடை வருகிறது" என்று பல வருடமாகப் பழகிப்போன கை அது. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அதற்குத் தோன்றவே இல்லை. விடை 7 என்று தானாகப் புரியாத பிள்ளையிடம் சமன்பாட்டைக் கொண்டுபோனால், அங்கே நடப்பது எல்லாம் மனப்பாடம்தான்.

அடுத்து பின்னம்: 20-இல் முக்கால் பாகம் எவ்வளவு, இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் என்ன. அப்புறம் குறை எண்கள்: 3 − 7, −2 − 5, −2 × −3. கடைசியாக, 5 + 2 × 3. இதற்கு 21 என்று வந்தால் செயல்களின் வரிசை இன்னும் படியவில்லை என்று அர்த்தம். இவற்றில் பாதிக்கு மேல் தடுமாறினால் அல்ஜீப்ரா புத்தகத்துக்குச் செலவழிக்க வேண்டாம். இரண்டு மாதம் பின்னத்தையும் குறை எண்களையும் சரி பண்ணுங்கள். நாங்கள் மூன்று மாதம் எடுத்தோம். அந்த மூன்று மாதமும் வீணில்லை என்று ஏழாவது மாதத்தில் தெரிந்தது. பின்னம் வந்த சமன்பாட்டைப் பார்த்து அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இரண்டாவது முடிவு தேர்வு. வீட்டில் படிக்கிற பிள்ளை ஒருநாள் எங்கேயாவது பரீட்சை எழுதத்தான் வேண்டும். என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது ஆகியிருக்க வேண்டும். அதன் கணிதப் பாடத்தில் அல்ஜீப்ரா பகுதி இருபடிச் சமன்பாடு, கூட்டுத்தொடர் வரை போகும். வட்டி, தள்ளுபடி மாதிரி வணிகக் கணக்குக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்பு இயற்கணிதம், அதாவது அல்ஜீப்ரா, அதைவிட நீளம். மூன்று மாறிகளில் (தெரியாத எண்களில்) சமன்பாடுகள், பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலம், அணிகள் (மேட்ரிக்ஸ்) எல்லாம் உண்டு. பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வை எழுத நினைக்கிறவர்கள், அதில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு நிலை இருப்பதையும், 2025 முதல் கால்குலேட்டர் இல்லாத தாள் ஒன்று வந்திருப்பதையும் மனதில் வையுங்கள். 11 வயதிலேயே இதை முடிவு செய்து கட்டிப்போட வேண்டியதில்லை. ஆனால் 13-க்குள் தெரிந்திருக்க வேண்டும். என் மகள் என்ஐஓஎஸ் எழுதப் போகிறாள், பிறகு பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவு எடுக்க ஆசை. அதனால் தேர்வுக்குத் தேவைப்படாவிட்டாலும் மாநிலப் பாடநூலின் அந்த மூன்று பகுதிகளையும் பின்னால் படிப்பதாக வைத்திருக்கிறோம்.

சரி, இனி புத்தகம்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எண்ணுக்குப் பதிலாக எழுத்து முதன்முதலாக வரும் பக்கத்தைத் திறங்கள். ஒரு எழுத்தை அந்த ஆசிரியர் எப்படி அறிமுகம் செய்கிறார் என்று பாருங்கள். மாம்பழத்துக்கு 'மா', வாழைப்பழத்துக்கு 'வா', ஆகவே 3மா + 2வா என்றால் மூன்று மாம்பழம், இரண்டு வாழைப்பழம் என்று தொடங்கினால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். பிள்ளைக்கு அது உடனே புரிந்தமாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. எழுத்து என்பது ஒரு எண்ணைக் குறிக்கிறது. மாம்பழத்தின் விலையாக இருக்கலாம், எத்தனை மாம்பழம் என்ற எண்ணிக்கையாக இருக்கலாம், மாம்பழமாக மட்டும் இருக்க முடியாது. பழத்தைக் காட்டிப் பழக்கிய பிள்ளை 3மா × 2வா என்று வந்ததும் நின்றுவிடும். பழத்தைப் பழத்தால் எப்படிப் பெருக்குவது?

இதை நான் நேரில் பார்த்தது சோழவந்தானில், என் தம்பியின் தென்னந்தோப்பில். வரப்பில் உட்கார்ந்திருந்தோம். "இங்க வேம்பு எத்தனை இருக்கோ அதைப் போல 6 மடங்கு தென்னை இருக்குன்னு வச்சுக்க. அதைச் சமன்பாடா எழுது" என்றேன். யோசிக்காமல் எழுதினாள்: 6தெ = வே.

"ஒரு வேம்புக்கு ஆறு தென்னை. சரிதானம்மா?"

"சரி, வேம்பு 5 இருந்தா தென்னை எத்தனை?"

"30."

"அப்ப நீ எழுதினதுல 30-ஐயும் 5-ஐயும் போட்டுப் பாரு."

ஆறு முப்பது 180 என்று வாய்க்குள் சொன்னாள். 180 = 5 என்று எழுதினாள். பென்சில் அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்துவிட்டு தெ = 6வே என்று எழுதி, "அப்ப தெ-ன்னா தென்னமரம் இல்ல, தென்னை எத்தனைங்கிறது" என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான் ஒரு வருடம் உழைத்தோம் என்று சொன்னாலும் தப்பில்லை. எந்தப் புத்தகம் இந்த இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறதோ அது நல்ல புத்தகம்.

எழுத்து விஷயத்தில் இன்னொன்று. ஆரம்பத்தில் எக்ஸ், ஒய் வேண்டாம், தமிழ் எழுத்தே போதும் என்று நான் வைத்துக்கொண்டேன். பாஸ்கரர் 1150-இல் எழுதிய பீஜகணிதத்தில், முதலாவதைத் தவிர மற்றத் தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப்பெயர்களின் முதலெழுத்தைத்தான் வைத்தார். இதைச் சொன்னதும் என் மகளுக்கு அந்த எழுத்துகளின் மேல் ஒரு உறவு வந்துவிட்டது. 'க' மட்டும் தவிர்த்துவிடுங்கள், பழைய தமிழ் எண் ஒன்றும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். பொருளின் முதலெழுத்தை வைத்தால் மறுபடி பழக்கூடை ஞாபகம்தான் வரும் என்பதால் சம்பந்தமில்லாத எழுத்தையும் கலந்து கொடுங்கள். நாலைந்து மாதத்தில் எக்ஸுக்கு மாற்றிவிடலாம். ஒரு நாளில் பழகிவிடும்.

கையில் கிடைப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது நம் மாநிலப் பாடநூல்தான். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதம் வந்துவிடுகிறது. குச்சிகளை அடுக்கி, அடுத்த வடிவத்துக்கு எத்தனை குச்சி வேண்டும் என்று அமைப்புகளிலிருந்து தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்து அங்கே எண்ணிக்கையாகவே பிறக்கிறது. குறை என்று பார்த்தால், வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சிக் கணக்கு போதாது. வகுப்பில் ஆசிரியர் பலகையில் கூடுதலாகப் போடுவார் என்று நம்பி எழுதப்பட்ட புத்தகம், அந்த வேலை நம் தலையில் விழும்.

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் புதிய புத்தக வரிசையில் ஆறாம் வகுப்புப் புத்தகம் 2024-இல் வந்தது. அதில் இயற்கணிதத்துக்கென்று தனி அத்தியாயம் இல்லை. எண் அமைப்புகளோடு நிறுத்திக்கொண்டு, 2025-இல் வந்த ஏழாம் வகுப்பில்தான் எழுத்துகளைக் கொண்டுவருகிறார்கள். பழைய என்சிஇஆர்டி ஆறாம் வகுப்பில் அல்ஜீப்ரா இருந்தது. பழைய புத்தகக் கடையில் அந்த இரண்டையும் கலந்து வாங்கிவிட்டால் நடுவில் பள்ளம் விழும், அல்லது ஒரே பாடம் இரண்டு முறை வரும். அட்டையைப் பார்க்காமல் உள்ளே பதிப்பாண்டைப் பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டுப் பாடத்திட்டங்களைப் பற்றி நல்லதும் உண்டு, கசப்பும் உண்டு. சிங்கப்பூர் முறையில் வருகிற பட்டைப் படம் எங்களுக்குப் பெரிய உதவி. மல்லியும் கனகாம்பரமும் சேர்த்து 20 முழம், மல்லி 4 முழம் கூடுதல் என்றால், தரையில் சாக்பீஸால் இரண்டு பட்டை வரைவோம். நீளமான பட்டையில் கூடுதலான 4-ஐ வெட்டிவிட்டால் மீதி 16-இல் இரண்டு சமமான பட்டைகள். கனகாம்பரம் 8, மல்லி 12. சமன்பாடு எழுதுவதற்கு முன்பே அதன் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

கசப்பு இது. முதல் வருடம் ஒரு அமெரிக்கப் பாடத்திட்டத்தின் முழுப் பெட்டியையும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நல்ல தாள், கனமான அட்டை, ஆசிரியர் கையேடு, தேர்வுத்தாள் கட்டு. கணக்கு எல்லாம் அடி, கெஜம், பவுண்டு, நிக்கல், டைம், குவார்ட்டர். டைம் என்றால் 10 சென்ட், குவார்ட்டர் என்றால் 25 என்று ஒவ்வொரு முறையும் விளக்கி முடிப்பதற்குள் பிள்ளைக்குக் கணக்கின் நூல் அறுந்துவிடும். பாதிக் கேள்விகளை ரூபாய்க்கும் மீட்டருக்கும் மாற்றி நானே இரவில் உட்கார்ந்து எழுதினேன். 11 வாரத்தில் நிறுத்திவிட்டோம். போன பணத்தைவிட, "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று அவள் அந்த வாரங்களில் சொல்லத் தொடங்கியதுதான் எனக்கு வலித்தது. வெளிநாட்டுப் புத்தகம் வாங்குவதானால் மாதிரிப் பாடத்தைக் கேட்டு வாங்கி, வாக்கியக் கணக்குகளை மட்டும் படித்துப் பாருங்கள். மெட்ரிக் அளவில் இல்லாவிட்டால் யோசியுங்கள்.

அப்புறம் புத்தகத்தின் நடை. சில பாடத்திட்டங்கள் ஒரு தலைப்பை எடுத்து முற்றாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். சில, இன்று கொஞ்சம் சமன்பாடு, கொஞ்சம் பின்னம், கொஞ்சம் விகிதம் என்று சுற்றிச் சுற்றி வரும். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, பிள்ளையைப் பொறுத்தது. போன மாதம் படித்ததை இந்த மாதம் மறந்துவிடுகிற பிள்ளைக்குச் சுற்றி வருவது நல்லது. ஒரு யோசனையைப் பிடித்தால் விடாத பிள்ளைக்கு அது எரிச்சலாக இருக்கும். என் மகள் இரண்டாவது வகை. அதனால் ஒரு தலைப்பை முடித்துவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய பாடங்களிலிருந்து 10 கணக்கு நானே பொறுக்கிக் கொடுக்கிறேன். இரண்டின் பலனும் கிடைக்கிறது.

இப்போது நான் எல்லாருக்கும் சொல்கிற முக்கியமான வேலை. வாங்குவதற்கு முன் மூன்று பாடத்திட்டங்களிலிருந்து ஒரே பாடத்தை எடுங்கள், ஒரு வாரம் ஒன்று என்று மூன்று வாரம் நடத்திப் பாருங்கள். நாங்கள் எடுத்தது 'ஒரு மாறி உள்ள சமன்பாட்டைத் தீர்த்தல்'. மாநிலப் பாடநூல் கையில் இருந்தது. இணையத்தில் கான் அகாடமியின் பாடங்கள் இலவசம், ஆங்கிலம் கேட்டுப் புரிந்தால் போதும். மூன்றாவதுக்கு, புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணிதப் புத்தகங்களைப் புரட்டினோம். 2023-இல் அது திறந்ததிலிருந்து, வாங்காமலே புத்தகம் பார்க்க மதுரைப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பக்கத்தில் அவள் கை நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த மூன்று வாரமும் மதிப்பெண் போடாதீர்கள். ஒரு நோட்டில் வேறு விஷயங்களைக் குறித்துவையுங்கள். என்னைக் கூப்பிடாமல் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள்? தப்பு வந்தபோது எங்கே தப்பு என்று புத்தகத்தை வைத்தே கண்டுபிடிக்க முடிந்ததா? அடுத்த நாள் காலையில், புத்தகத்தைத் திறக்காமல், நேற்றுப் படித்ததை அப்பாவுக்குச் சொல்ல முடிந்ததா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். அவளுடைய அப்பா பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்பார். இரண்டு நிமிடத்தில் அவருக்குப் புரியவைத்துவிட்டால் அந்தப் பாடம் தேறியது.

சமன்பாட்டைத் தீர்க்க ஒரு புத்தகம் எந்த வழியைக் காட்டுகிறது என்பதும் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் பாதி. ஒரு டியூஷனில் இரண்டு மாதம் விட்டுப் பார்த்தோம். 'அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாகும், பெருக்கல் வகுத்தலாகும்' என்று முதல் நாளே எழுதிப்போட்டுவிட்டார்கள். 3வி + 5 = 95 மாதிரி நேர் கணக்குக்கு அது ஓடும். இரண்டு பக்கமும் எழுத்து வந்தால், அடைப்புக்குறி வந்தால், எதைத் தாண்டி எது போகிறது என்று குழம்பிவிடும். −4வி = 20 என்பதில் நாலை அந்தப் பக்கம் கொண்டுபோய் 20 + 4 என்று எழுதினாள். தராசை வைத்துத் தொடங்கும் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே அளவை எடுத்தால் தராசு சமமாகவே நிற்கும். 3 முழம் பூவும் 5 ரூபாய்ப் பையும் சேர்த்து 95 ரூபாய் என்றால், இரண்டு பக்கமும் 5-ஐ எடு, 3வி = 90, இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகு, வி = 30. இங்கே வி என்பது ஒரு முழத்தின் விலை. இதை 40, 50 கணக்கு போட்ட பிறகு, "அம்மா, இது அந்தப் பக்கம் போய் மைனஸ் ஆன மாதிரியே இருக்கு" என்று பிள்ளையே சொல்லும். குறுக்குவழி அதன் பிறகு வரட்டும்.

கையால் தொட்டுப் பார்க்கும் சாமான் எந்தப் பாடத்திட்டத்தோடும் ஒட்டும், அதனால் அது இல்லை என்று ஒரு நல்ல புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். நாங்கள் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிச் செய்தோம். 2 செ.மீ. சதுரம் என்றால் 1. 2 செ.மீ. அகலம், 7.3 செ.மீ. நீளமுள்ள துண்டு என்றால் ம. பக்கம் 7.3 செ.மீ. உள்ள பெரிய சதுரம் ம². நீளம் ஏன் 7.3? 8 என்று வெட்டினால் நாலு சின்னச் சதுரம் சரியாகப் பொருந்தி, ம என்றால் 4 என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். பொருந்தாத அளவாக இருந்தால்தான் அது தெரியாத எண்ணாகவே இருக்கும். (ம + 2)(ம + 3) என்பதைச் செவ்வகமாக அடுக்கிவிட்டு எண்ணினால், ஒரு பெரிய சதுரம், 5 நீளத் துண்டு, 6 சின்னச் சதுரம். ம² + 5ம + 6. காரணிப்படுத்துவது என்றால் அந்தத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு மறுபடி செவ்வகமாக அடுக்குவதுதான். தங்க எழுத்துப் பக்கம் கூட்டலுக்கும் வெள்ளைப் பக்கம் கழித்தலுக்கும் வைத்துக்கொண்டோம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும் கலைச்சொல்லை இரண்டிலும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மாறி, வேரியபிள். கெழு, கோயெஃபிஷியன்ட். ஒத்த உறுப்புகள், லைக் டெர்ம்ஸ். முற்றொருமை, ஐடென்டிட்டி. வீட்டில் படிக்கிற பிள்ளை நாளைக்கு எந்த வழியில் போனாலும் இது கைகொடுக்கும்.

பாடத்திட்டத்துக்கு வெளியே நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது ஒன்று உண்டு. கணக்கதிகாரம் என்கிற பழைய தமிழ்க் கணக்கு நூலில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணும் கணக்கு வருகிறது. காம்பைச் சுற்றி இருக்கும் சின்ன முள்ளை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை என்கிறது. எழுத்தில் சொன்னால் சு = 6மு ÷ 5. போன ஆனியில் மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு பழம் வாங்கி வந்து, நல்லெண்ணெய் தடவிய கையோடு எண்ணினோம். முள் 80 வந்தது. அப்படியென்றால் சுளை 96 இருக்க வேண்டும், எங்கள் பழத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. பழம் ஒத்துழைக்காவிட்டாலும் கணக்கு ஒத்துழைத்தது. "120 சுளை வேணும்னா முள்ளு எத்தனை இருக்கிற பழமாப் பாக்கணும்?" என்று திருப்பிக் கேட்டேன். 100 என்று சமன்பாட்டைத் தீர்த்துச் சொன்னாள். சூத்திரம் ஒன்று, அது உலகத்தோடு பொருந்துகிறதா என்பது வேறு என்றும் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு பாடத்திட்டத்தை எடுத்தபின் எப்போது மாற்றலாம்? கடினமாக இருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். அடைப்புக்குறியும் குறை எண்ணும் சேர்ந்து வரும் இடத்தில் எல்லாப் பிள்ளையும் அழும், எந்தப் புத்தகமும் அதற்கு விதிவிலக்கில்லை. அங்கே இரண்டு வாரம் கூடுதலாக நில்லுங்கள். விடை சரியாக வந்தும் ஏன் என்று ஒரு மாதமாகச் சொல்ல முடியவில்லை என்றால் மாற்றுங்கள். மாற்றும்போது புதிய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். அத்தியாயக் கடைசிக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்து, எங்கே தடுக்குகிறதோ அங்கே சேருங்கள்.

மாதக் கடைசியில் நாங்கள் தேர்வு வைப்பதில்லை. அவளே ஒரு கணக்கு உருவாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதம் எழுதித் தந்தது இது: "அப்பத்தா ம முழம் பூ கட்டுச்சு. அதில் 6 முழத்தைச் சாமிக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்தை முழம் 30 ரூபாய்னு வித்துச்சு. 1,020 ரூபாய் கிடைச்சுது. எத்தனை முழம் கட்டுச்சு?"

திண்ணையில் உதிரிப்பூவோடு உட்கார்ந்திருந்த என் மாமியாரிடமே போய் வாசித்துக் காட்டினாள். "40" என்றார், நாரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படி அப்பத்தா?"

"1,020-ல எத்தனை முப்பது இருக்கு, முப்பத்து நாலு. சாமிக்கு வச்ச ஆறைச் சேத்துக்க தங்கம்."

அவள் நோட்டை எடுத்து 30(ம − 6) = 1020 என்று எழுதினாள். கீழே ம − 6 = 34 என்றும், அதற்குக் கீழே ம = 40 என்றும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அப்பத்தா சொன்ன சொல்லை அப்படியே எழுதிவைத்தாள்.